எனக்கும் சேர்த்து

ஜனவரி 19

அன்புள்ள சிட்டு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாய், சரி. ஆனால் இந்த விஷயத்தைப் போனில் பேச முடியாது. நீ கூப்பிட்டால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். போட்டால் நாம் இருவரும் பேசுவது போய் அவர் ஒருவரே பேசிக்கொண்டிருப்பார். அதனால்தான் காகிதம் எடுத்தேன். பதிலை லேப் முகவரிக்கே அனுப்பு.

நேற்று கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே மெடலும் சான்றிதழும். அரை மாரத்தான், இருபத்தொரு கிலோமீட்டர், நேரம் இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம் முப்பத்தொரு நொடி. மேலே கொட்டை எழுத்தில் என் பெயர். விண்ணப்பத்தில் நான் லேப் முகவரியைக் கொடுத்திருந்தேன், அதுதான் வினை. வரவேற்பில் உட்காரும் பெண் பெட்டியைப் பிரித்துவிட்டாள். ரத்த மாதிரிக் குழாய்களை அடுக்கிய தட்டோடு நான் உள்ளே இருந்து வருகிறேன், எல்லோரும் கை தட்டுகிறார்கள். டாக்டர் கேக் வாங்கி வரச் சொன்னார், சர்க்கரை போடாதது, எனக்காகவே. அந்தப் பெண் மெடலை என் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்து, சட்டம் போட்டுச் சுவரில் தொங்கவிடப் போகிறாளாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன்.

மூன்று மணி நேரக் கெடுவுக்குள் முடித்தவர்களுக்குத்தான் மெடல். நான் பதினாறாவது கிலோமீட்டரில், கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு, முதலுதவிக் கூடாரத்து மடக்குக் கட்டிலில் கிடந்தேன். உனக்கே தெரியும். நீதான் என் ஷூவைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டாய். நான்தான் உன்னைப் போகச் சொல்லி விரட்டினேன். மீதி ஐந்து கிலோமீட்டரை ஆம்புலன்சில் கடந்தேன். டிரைவர் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

முதலில் இயந்திரக் கோளாறு என்றுதான் நினைத்தேன். காசு அகலத்தில் ஒரு சிப்பை ஷூ லேஸில் கோர்த்துக் கொடுத்தார்களே, அது சாலையில் விரித்த பாயைத் தாண்டினால்தானே நேரம் பதிவாகும்? வீட்டுக்கு வந்து பார்த்தபோது என் ஷூவில் அது இல்லை. கூடாரத்தில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்று சாப்பாட்டு வேளையில் முடிவுப் பட்டியலைக் கணினியில் பார்த்தேன். உன் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன. பதினெட்டாவது கிலோமீட்டர்ப் பாயிலும் ஒரே நொடி, முடிவிடத்திலும் ஒரே நொடி. எந்த இயந்திரத்துக்கும் குடும்பத்தின்மேல் இவ்வளவு பாசம் இருக்காது.

நான் எதையும் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான். உனக்கு ஏதாவது தெரியுமா? அமைப்பாளர்களுக்கு எழுதலாம் என்று இருக்கிறேன். உன் பதிலுக்காக ஒரு வாரம் பொறுக்கிறேன்.

அண்ணி


ஜனவரி 28

அண்ணிக்கு,

கையை நீட்டிவிட்டேன், விலங்கு மாட்டுங்கள். நான்தான்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், உங்கள் மூன்று மாதச் சர்க்கரை 8.1 என்று உங்கள் கையாலேயே சோதித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து அழுதீர்களே, நினைவிருக்கிறதா? "ஓடுங்க அண்ணி" என்றேன். முதல் நாள் நீங்கள் தெருவில் ஓடியபோது பேப்பர் போடுபவர் சைக்கிளை நிறுத்தி, "என்னம்மா, சங்கிலியப் பறிச்சுட்டானா, எந்தப் பக்கம் ஓடினான்?" என்று கேட்டார். அண்ணன் என்ன சொன்னார்? "ஓடி எங்க போகப்போற, சுத்திட்டு இங்கதான வரணும், பேசாம இங்கயே உக்காரு."

இன்றைக்குப் பாருங்கள். உங்கள் தெருவிலேயே மூன்று குழு, மூன்று நிறத்தில் டி-ஷர்ட். போட்டோ ஸ்டூடியோவை எடுத்துவிட்டு ஷூ கடை வைத்துவிட்டார்கள். ஒரு மாடி ஏற லிஃப்ட் தேடுகிற பேங்க் மேனேஜர், கிலோமீட்டருக்கு இத்தனை நிமிஷம் என்று பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போலீஸ் நின்று பஸ்ஸை நிறுத்திவிட்டு நமக்கு வழி விடுகிறது. இவர்கள் எல்லோருக்கும் முன்னால், யாரும் ஓடாத காலத்தில், தனியாளாக வெட்கப்பட்டுக்கொண்டே ஓடியவர் நீங்கள். உங்கள் வீட்டில் மெடல் இல்லை என்றால் வேறு எவர் வீட்டில் இருக்க வேண்டும்?

கூடாரத்தில் நீங்கள் சொன்னதைச் சொல்லட்டுமா? "நீ நிக்காத, போ. எனக்கும் சேர்த்து ஓடிட்டு வா." உங்கள் வாயால் சொன்னீர்கள். உங்கள் ஷூ என் கையில் இருந்தது. லேஸிலிருந்து சிப்பை உருவி என் ஷூவில் கோர்த்துக்கொண்டேன். அரை நிமிஷ வேலை. கடைசி ஐந்து கிலோமீட்டரும் நீங்கள் பக்கத்தில் ஓடிவருவது போலத்தான் இருந்தது எனக்கு. சத்தியமாக.

அமைப்பாளர்களுக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை நான் டிசம்பரிலேயே விட்டுவிட்டேன். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. ஓட்டம் நடத்திய அதே அமைப்பு இந்த ஊரில் பயிற்சி முகாம் தொடங்குகிறது, மார்ச் முதல் நான்தான் பயிற்சியாளர். உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை. மெடலை அலமாரியில் போட்டுப் பூட்டுங்கள், வருஷம் ஓடிப்போய்விடும்.

உங்கள் சிட்டு


பிப்ரவரி 3

சிட்டு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. நான் இருபத்தேழாம் தேதியே அமைப்பாளர்களுக்கு எழுதிவிட்டேன். மெடலையும் திருப்பி அனுப்பிவிட்டேன். "நான் பதினாறாவது கிலோமீட்டரோடு நின்றுவிட்டேன், இந்த நேரம் என்னுடையது அல்ல, எப்படிப் பதிவானது என்று எனக்குத் தெரியாது" என்று எழுதினேன். அன்றைக்கு அதுதான் உண்மை. உன் பெயரை எழுதவில்லை. சந்தேகம் இருந்தது, ஆனாலும் எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பு வந்தது, அந்தப் பேப்பர்காரர் வரையில். அப்புறம் வரவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக நான் பார்க்கும் வேலை என்ன? யாருடைய ரத்தமோ அவர் பெயரை அந்தக் குழாயில் ஒட்டுவது. மற்றதை எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பெயர் மாறினால் நல்லா இருக்கிறவனுக்கு ஊசி போடுவார்கள், நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு குழாய், ஒரே ஒரு குழாய், நான் மாற்றி ஒட்டியதில்லை. என் பெயரை எடுத்து உன் காலில் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாய். பாசத்தில் செய்தாயாம்.

"எனக்கும் சேர்த்து" என்று சொன்னேன்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் உன் அண்ணனிடம், "எனக்கும் சேர்த்துத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடக் கிளம்புகிறேன். அவர் தூங்கியதால் என் தூக்கம் தீர்ந்துவிட்டதா? விருந்துக்குப் போகிற உன்னிடம் எனக்கும் சேர்த்துச் சாப்பிடு என்றால் இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு உட்காருவாயா? பேச்சுக்குச் சொல்வது எது, நிஜமாகவே கேட்பது எது என்று உனக்குத் தெரியாதா? நாம் இருவரும் என்ன, நேற்றுப் பழகியவர்களா?

அன்று சாயங்காலம் நான் அழவில்லை, கவனித்தாயா? பதினாறு கிலோமீட்டர் ஓடியிருந்தேன். பிறந்ததிலிருந்து அவ்வளவு தூரம் ஓடியதில்லை. காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, இன்னும் ஐந்துதான், அடுத்த ஜனவரிக்குள் முடித்துவிடலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். இருபத்தொன்று என்று அச்சடித்துக் கொடுத்து அந்தப் பதினாறைப் பிடுங்கிக்கொண்டாய். இனி யாரிடம் போய் நான் பதினாறு ஓடினேன் என்று சொல்வது?

அமைப்பாளர்கள் கேட்டால் நடந்ததைச் சொல். என்னிடம் சொல்லாமல் எடுத்தாய் என்று சொல். உன்னைத் திட்டுவார்கள், அவ்வளவுதான்.

அண்ணி


பிப்ரவரி 13

அண்ணிக்கு,

ஒரு வாரம் பொறுப்பேன் என்றீர்கள், எட்டாம் நாளே எழுதிவிட்டீர்கள். தபால் தாமதமாகும் என்று தோன்றவில்லையா? ஸ்பீக்கர் கீக்கர் என்று பார்க்காமல் லேபிலிருந்து ஒரு போன் போட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே. வீட்டு விஷயத்தை வெளியாளிடம் முதலில் கொண்டுபோனது நீங்கள்.

நேற்று முன்தினம் என்னைக் கூப்பிட்டார்கள். இங்கே அவர்கள் புதிதாகப் பிடித்திருக்கும் ஆபீஸ். சுவரில் பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஓரத்தில் ஒருவர் டைப் அடித்துக்கொண்டு. முடிவிடத்தில் எடுத்த என் படத்தைப் பெரிதாக்கி நீட்டினார்கள். என் வலது ஷூவில் இரண்டு சிப். கொஞ்சம் முகத்தைப் பார்த்து எடுக்கத் தெரியாதா அந்த போட்டோகிராபருக்கு, காலைத்தான் எடுப்பாரா?

நடந்ததைச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் இருக்காது என்று அவர்களில் பெரியவர் சொன்னார். நீங்களும் இதைப் போட்டு மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அண்ணனிடம் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். நான் பேசிக்கொள்கிறேன்.

சிட்டு


பிப்ரவரி 28

சிட்டு,

"நடந்ததைச் சொன்னேன்" என்று எழுதினாயே, அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. எனக்கு இரண்டு வருஷத் தடை. அவர்கள் நடத்தும் எந்த ஓட்டத்திலும், அவர்களோடு சேர்ந்தவர்கள் நடத்தும் எதிலும் நான் ஓட முடியாது. காரணத்தை அப்படியே எழுதுகிறேன்: "தம்மால் ஓட்டத்தை முடிக்க இயலாத நிலையில், தமது சிப்பைச் சக ஓட்டக்காரரிடம் கொடுத்து, முடித்ததாகப் பதிவு செய்யுமாறு வேண்டிக்கொண்டதால்." உனக்கு எச்சரிக்கை. கேட்டதற்கு இணங்கிச் செய்ததால் குற்றம் சிறியதாம். நீ அவர்கள் ஆள் ஆகப்போகிறவள், அதையும் எழுதியிருக்கலாம்.

வேண்டிக்கொண்டேனா? கையில் எடுத்துக் கொடுத்தேனா? கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தேன் சிட்டு. நீ லேஸைத் தொட்டதுகூட எனக்குத் தெரியாது.

மெடலைத் திருப்பி அனுப்பியதைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. "குற்ற உணர்வினால்" அனுப்பினேனாம்.

பெயரோடு இணையதளத்தில் போட்டுவிட்டார்கள். லேபில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் மறுத்தபோதும் கேட்காமல் மாட்டிய அந்தப் படம் காலையில் சுவரில் இல்லை, அவ்வளவுதான். சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு நீங்க ஒட்டற லேபிளை இன்னொருத்தர் சரிபார்க்கட்டும், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? இருபத்திரண்டு வருஷம்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணன் சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரே பார்த்துவிட்டார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"எனக்கும் சேர்த்து ஓடுன்னு நீ சொன்னியா இல்லையா?"

"சொன்னேன், ஆனா அது..."

"சொன்னியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"சொன்னேன்."

"அப்புறம் என்ன. சிட்டு பொய் சொல்ல மாட்டா."

பத்தொன்பது வருஷம் ஆகிறது நான் அந்த வீட்டுக்கு வந்து. கடையில் மீதிச் சில்லறை அதிகமாகக் கொடுத்தால் திரும்பி நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள் என்று என்னைக் கேலி செய்கிற மனிதர் அவர். என் முகத்தைப் பார்த்து, இவள் செய்திருப்பாள் என்று நம்பிவிட்டார். ஹாஸ்டலிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, நீ எதுக்கும்மா அப்படிக் கேட்ட?" என்றாள். அப்பா சொன்னாராம்.

உன் போன் எண்ணை அடைத்துவிட்டேன். காகிதத்தில் பொய் எழுதும்போது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் கொஞ்சம் யோசிக்கவாவது நேரம் கிடைக்கும் உனக்கு. எழுது, பார்க்கிறேன்.

அண்ணி


மார்ச் 8

அண்ணிக்கு,

அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. "அவங்க சொன்னாங்களா?" சொன்னார்கள் என்றேன். பொய்யா அது? அதற்கு மேல் அவர்களாக எழுதிக்கொண்டார்கள். டைப் அடித்து நீட்டினார்கள். "கொடுத்து" என்றும் "வேண்டிக்கொண்டு" என்றும் இருந்தது. படித்தேன். கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்டேன் என்று எழுத நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

எனக்கு வயது முப்பத்தெட்டு. வேலையை விட்டாயிற்று, திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாடகை வீடு, தனி ஆள். பயிற்சியாளர் என்கிற அந்த ஒரு காகிதத்தை நம்பி உட்கார்ந்திருந்தேன். நானாகத் திருடினேன் என்று சொல்லியிருந்தால் அப்படியே வாசலைக் காட்டியிருப்பார்கள். உங்களுக்கு ஓட்டம் பொழுதுபோக்கு அண்ணி. எனக்குப் பிழைப்பு.

இரண்டு வருஷம் என்ன, கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். தெருவில் ஓடுவதை யாரும் தடுக்கப்போவதில்லையே.

முகாம் முதல் தேதியே தொடங்கிவிட்டது. முப்பது பேர் வருகிறார்கள். பாதிப் பேருக்கு உங்கள் வயது.

சிட்டு


மார்ச் 16

சிட்டு,

பொழுதுபோக்கு. சரியான சொல்தான். அதைத்தான் இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் பொழுது எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரியும். ஆறரைக்குச் சமையல், எட்டரைக்கு பஸ், ஆறு மணி வரை அடுத்தவர்கள் ரத்தம், அப்புறம் உன் அண்ணனின் பேச்சு. அதில் விடிகாலை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும்தான் என்னிடம் யாரும் எதையும் கேட்காத நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் யாருக்கும் மனைவி இல்லை, அம்மா இல்லை. இதைத் தவிர எனக்கு என்று எதுவும் நான் செய்ததில்லை. பிழைப்பு எனக்கும் இருக்கிறது, ஆனால் அதை நான் ஒருநாளும் எனக்குச் சொந்தம் என்று நினைத்ததில்லை.

ஓடிப் பார்த்தேன். தெருவை யாரும் தடுக்கவில்லை, நீ சொன்னது போல. பூங்கா வாசலில் மஞ்சள் டி-ஷர்ட் குழு நிற்கிறது. முன்பெல்லாம் "வாங்க மேடம்" என்பார்கள். இப்போது நான் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே, "சிப்பு பத்திரமா?" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். நான் பாதியில் திரும்பிவிட்டேன்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். உன் அண்ணன் என்னை மன்னித்துவிட்டார். ஆமாம், மன்னித்துவிட்டார். "விடு, யாருக்குத்தான் ஆசை இல்ல, நடந்தது நடந்துபோச்சு" என்று தோளைத் தட்டுகிறார். சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போடலாம். செய்யாத தப்புக்குத் தினமும் அன்பாக மன்னித்தால் என்ன செய்வது? காலையில் அலாரத்தை அவரே அணைத்துவிட்டு, "தூங்கு, இனிமே என்ன அவசரம்" என்கிறார். படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அமைப்பாளர்களுக்கு எழுத வேண்டாம், உன் வேலை உனக்கு இருக்கட்டும். லேபில் நான் எப்படியோ பார்த்துக்கொள்கிறேன். ஊரார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். உன் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடு. அண்ணி கேட்கவில்லை, அண்ணிக்குத் தெரியாமல் நான்தான் எடுத்தேன் என்று ஒரு வாக்கியம். அந்த வீட்டில் என்னை நம்புகிற ஒரு ஆள் எனக்கு வேண்டும். வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்கமாட்டேன்.

அண்ணி


மார்ச் 26

அண்ணிக்கு,

ஐந்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லச் சொன்னீர்கள். அவருக்குத் தெரியும் அண்ணி. முதலிலிருந்தே தெரியும்.

அமைப்பாளர்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டதற்கு முந்தின நாள் மதியம் பயந்துபோய் அவர் ஆபீஸுக்குப் போன் செய்தேன். வேலையை விட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள், நானாகத்தான் சிப்பை உருவினேன், நாளைக்கு அப்படியே சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அப்போது நிஜமாகவே அந்த எண்ணம்தான் இருந்தது.

அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "எனக்கும் சேர்த்து ஓடுன்னு அவ சொன்னாளா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றார். சொன்னார்கள் என்றேன். "அப்ப அதையே அங்கயும் சொல்லு. உண்மையச் சொன்னா உனக்கு வேலை போயிடும். அவளுக்கு என்ன போகப்போகுது? ஓடி மெடல் வாங்கியா வீட்ல சோறு பொங்கறா?" என்றார். அண்ணி மேல் தடை போட்டுவிட்டால் என்றேன். "போடட்டுமே. கொஞ்ச நாள் ஓடாம கிடந்தா நல்லதுதான். காலையில எழுந்தா வீட்ல ஆள் இருக்கறதில்ல, ரெண்டு வருஷமா" என்றார். அவளிடம் இதைச் சொல்லாதே என்றும் சொன்னார்.

நீங்கள் பிப்ரவரியில் எழுதினீர்களே, மேஜையில் உட்கார்ந்து அவர் கேட்டதை. அதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. என்னிடம் கேட்ட அதே கேள்வியை உங்களிடமும் கேட்டிருக்கிறார். அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் சொன்னதால்தான் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். வேலை வேண்டும் என்று போட்டேன். அவர் சொல்லாமல் இருந்தாலும் போட்டிருப்பேனோ என்னவோ, தெரியவில்லை. என்னைத் திட்டுங்கள். ஆனால் அவர் உங்களைத் தப்பாக நினைத்தார் என்று மட்டும் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அவர் உங்களை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை.

சிட்டு


ஏப்ரல் 3

சிட்டு,

உன் கடிதத்தை லேபில் வைத்து இரண்டு தடவை படித்தேன். அன்று என் தட்டைச் சரிபார்க்கும் பெண், "நான் பாத்துக்கறேன், நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் குழாய்களை அவளே அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிதத்தை உன் அண்ணன் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மடித்து மேஜைமேல் வைத்தார். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன் என்று நினைக்கிறேன், அவ்வளவு வேண்டியிருந்தது எனக்கு. அவர் கேட்டது இதுதான்: "இத எதுக்கு அவ உனக்கு எழுதினா?"

உன்மேல் கோபப்பட்டார். சொல்லாதே என்று சொல்லியும் எழுதிவிட்டாளே என்று. அப்புறம், சிட்டுவுக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன், இதைப் பெரிதாக்காதே என்றார். அவர் பேசி முடிக்கும் வரை நின்றேன்.

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை என்று எழுதியிருக்கிறாய், ஆறுதலுக்கு. சந்தேகப்பட்டிருந்தால் இந்த வீட்டிலேயே இருந்திருப்பேன். என்றைக்காவது புரியவைத்துவிடலாம். எல்லாம் தெரிந்துகொண்டு தோளைத் தட்டிய மனிதருக்கு நான் எதைப் புரியவைப்பது?

லேபில் ரத்தம் எடுக்கிற அக்கா தன் வீட்டு மாடி அறையைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், பின்பக்கம் படி. இப்போதைக்கு மூன்று மாதம். மகளிடம் நானே பேசிவிட்டேன், உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். நாளைக்குப் போகிறேன்.

அங்கே போனதும் பழையபடி விடிகாலையில் ஓட ஆரம்பிப்பேன். இரண்டு வருஷம் கழித்து எனக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்தொன்றை முடிக்க முடியுமோ முடியாதோ, எத்தனை முடிகிறதோ அத்தனை.

எனக்கு எழுதுவதாக இருந்தால் உறையின் பின்னால் இருக்கும் முகவரிக்கு எழுது. ஆனால் "அண்ணி" என்று ஆரம்பிக்காதே. அது அவர் வழியாக வந்த உறவு. அக்கா என்று எழுது என்று சொல்லலாம், நீ செய்ததை நினைத்தால் மனம் வரவில்லை. என்னை வேறு என்னவென்று கூப்பிடலாம் என்று நீயே யோசி. ஒன்றும் தோன்றவில்லை என்றால் எழுத வேண்டாம்.